முன்பணத்திற்கு முன் சோதனை

2022 செப்டம்பர் முதல் வாரத்தில் பெய்த பெருமழையில் பெங்களூருவின் பெல்லந்தூர், யமலூர், சர்ஜாபூர் சாலைப் பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்தது. மக்கள் படகுகளிலும் டிராக்டர்களிலும் வெளியேறினர். வீட்டு வாசல்களிலும் அடித்தள நிறுத்துமிடங்களிலும் இருந்த கார்கள் நீருக்குள் கிடந்தன. சென்னையும் 2015, 2023 ஆண்டுகளின் டிசம்பர் மாதங்களில் இதே காட்சியைக் கண்டது. வெள்ளம் வடிந்துவிட்டது; அந்தக் கார்கள் எங்கே போயின என்ற கேள்வி, பழைய கார் வாங்க எண்ணும் ஒவ்வொருவருக்கும் இன்றும் உரியது.

காப்பீட்டு நடைமுறையில், பழுதுபார்க்கும் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால், அது முழு இழப்பாகக் கருதப்படுகிறது. உரிமையாளருக்கு இழப்பீடு கிடைக்கிறது. சேதமடைந்த வண்டி அதே நிலையில் விற்கப்படுவதுண்டு. அதை வாங்குபவர் உதிரிபாகங்களாகப் பிரிக்கலாம். கழுவி, உலர்த்தி, மெருகேற்றி மீண்டும் சந்தைக்கும் கொண்டுவரலாம். ஆகவே பளபளப்பு எதற்கும் சான்றாகாது. வாங்குபவர் தாமே தேர்ந்தெடுத்து, தாமே கட்டணம் செலுத்தும் மெக்கானிக் ஒருவர் முழுமையாகச் சோதிக்கும் வரை ஒரு ரூபாயும் முன்பணம் தரலாகாது என்பதே நமது கருத்து.

விற்பனை நிலையங்கள் பல, சோதனை அறிக்கையைத் தாங்களே அளிக்கின்றன. அவற்றைப் பயனற்றவை என்று நாம் ஒதுக்கவில்லை. ஆயினும் அவை விற்பவரின் செலவில் எழுதப்பட்டவை. வங்கியின் மதிப்பீட்டாளரைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கடன் தொகைக்கு வண்டி ஈடாகுமா என்று பார்ப்பதே அவரது பணி. கடனுக்கு ஒப்புதல் கிடைத்ததாலேயே வண்டியும் குறையற்றது என்று முடிவுகட்டுவது தவறு.

வெள்ளத்தில் நின்ற வண்டி சில இடங்களில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். சீட் பெல்ட்டை இறுதிவரை இழுத்தால் சேற்றுக் கறை தென்படலாம். தரைவிரிப்பின் அடியிலும் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் வண்டல் தங்கியிருக்கலாம். இருக்கைகளின் அடியிலுள்ள இரும்புப் பாகங்கள் துருப்பிடித்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையெனில் அந்த எச்சரிக்கை மறைக்கப்பட்டிருக்கக்கூடும். மின் இணைப்புகளில் மெல்லப் பரவும் அரிப்போ மாதங்கள் கழித்தே வெளிப்படும். அதைக் கண்டறிய ஸ்கேனர் கருவியும் பழகிய கண்ணும் வேண்டும். வண்டியை லிஃப்டில் உயர்த்தி அடிப்பாகத்தைப் பார்ப்பதும், எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் இயக்கிக் கேட்பதும் சோதனையில் அடங்க வேண்டும்.

ஆவணங்களும் சோதனைக்குரியவையே. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் காப்பீட்டுப் பிரீமியத்தில் தரப்படும் சலுகை, 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை உயர்கிறது. ஒரே உரிமையாளர் ஐந்தாண்டுகள் வைத்திருந்த வண்டியின் பாலிசியில் அச்சலுகை பூஜ்யமாக இருந்தால், எதற்காக இழப்பீடு பெறப்பட்டது என்று கேட்பது நம் உரிமை. சர்வீஸ் பதிவுகளில் உள்ள கிலோமீட்டர் அளவுகளை மீட்டர் காட்டுவதோடு ஒப்பிட வேண்டும். பதிவுச் சான்றில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், அதை நீக்குவதற்கான படிவம் 35 தேவை. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட காரைப் பெங்களூருவில் வைத்து ஓட்ட வாங்குவோர், படிவம் 28-இன்படி பெறும் தடையின்மைச் சான்றையும், கர்நாடகத்தில் கட்ட வேண்டிய வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தால் நல்ல வண்டி கைநழுவிவிடும் என்பர் சிலர். வேறொருவர் பணத்துடன் காத்திருப்பதாக விற்பவர் சொல்வதும் வழக்கமே. வண்டியில் குறையில்லை என்று அறிந்தவர் ஒரு நாள் சோதனைக்குத் தயங்க வேண்டியதில்லை. அவர் மறுத்தால், காரணம் எதுவாயினும், அந்த வண்டியை விட்டுவிடுவதே நன்று.

சோதனைக் கட்டணம் வண்டியின் விலையில் மிகச் சிறு பங்கு. சோதித்தபின் வாங்காமல் திரும்பினாலும் அது வீண்செலவன்று. பார்க்காமல் வாங்கிய வண்டி பட்டறையில் நின்றாலும், அதற்கான மாதத் தவணை நிற்பதில்லை. கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் வாடிக்கையாளர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.