தொடராகாத 21 மாதங்கள்

ஜூன் 25ஆம் நாளை 'அரசமைப்புச் சட்டப் படுகொலை நாள்' என்று கடைப்பிடிக்கப்போவதாக மத்திய அரசு 2024இல் அறிவித்தது. அதன்பின் ஆண்டுதோறும் அந்த நாளில் ஒரே விவாதம் நடக்கிறது. நெருக்கடி நிலையின் குற்றவாளி யார், அன்று எந்தக் கட்சி எங்கே நின்றது என்று ஒவ்வொரு தரப்பும் மற்றதைச் சுட்டுகிறது. 'எமர்ஜென்சி' என்ற இந்தித் திரைப்படம் தணிக்கைச் சான்றிதழுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, சீக்கிய அமைப்புகளின் எதிர்ப்புக்கிடையே 2025 ஜனவரியில் வெளிவந்தபோதும் விவாதம் தலைவர்களைப் பற்றியதாகவே இருந்தது. அந்த 21 மாதங்களில் சாமானிய மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஏன் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்ற கேள்வி எழவே இல்லை.

இந்தக் கேள்வியைத் தென்காசியிலிருந்து கேட்பது பொருத்தமாக இருக்கும். நெருக்கடி நிலைக்கு நாடு தீர்ப்பு வழங்கிய 1977 மார்ச் தேர்தலில், உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் ஒன்றில்கூட காங்கிரஸ் வெல்லவில்லை. பிரதமர் இந்திரா காந்தியே ராய்பரேலியில் தோற்றார். அதே தேர்தலில் தென்காசி மக்களவைத் தொகுதி, அ.தி.மு.க. கூட்டணியில் நின்ற காங்கிரஸ் வேட்பாளர் மு. அருணாசலத்தைத் தேர்ந்தெடுத்தது. தமிழகத்தின் மிகப் பெரும்பாலான தொகுதிகள் அந்தக் கூட்டணிக்கே கிடைத்தன. மலைக்கு அப்பால் கேரளத்தில் 20 தொகுதிகளும் காங்கிரஸ் அணி வசமாயின.

தென்னாட்டு வாக்காளர் அறியாமையால் இப்படி வாக்களித்தார் என்று சொல்வது எளிது; அது உண்மையாகாது. எம்.ஜி.ஆரின் செல்வாக்கும் கூட்டணிக் கணக்கும் ஒரு காரணம். வடக்கே கட்டாயக் கருத்தடை கிளப்பிய அச்சம் இங்கு அந்த அளவுக்குப் பரவாதது மற்றொரு காரணம். மூன்றாவது காரணம் விலைவாசி. மொத்த விலைக் குறியீடு 1974-75இல் ஏறத்தாழ 25 விழுக்காடு உயர்ந்திருந்தது. 1975-76இல் அது 1 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. கடையநல்லூரில் தறி நெய்தவருக்கும், தென்காசியைச் சுற்றிய ஊர்களில் பீடி சுற்றிய பெண்ணுக்கும் அரசியல் சட்டத்தின் 352ஆவது பிரிவைவிட அரிசி விலை நெருக்கமானது. இதில் ஏளனம் செய்ய எதுவும் இல்லை.

ஆனால், விலை இறங்கியதற்கு நெருக்கடி நிலை எந்த அளவுக்குக் காரணம்? கட்டாய வைப்புத் திட்டம், வங்கி வட்டி விகித உயர்வு உள்ளிட்ட பணவீக்கத் தடுப்பு நடவடிக்கைகள் 1974 ஜூலையிலேயே தொடங்கிவிட்டன. 1975இல் பருவமழை கைகொடுத்தது. முந்தைய ஆண்டில் 10 கோடி டன் அளவில் இருந்த உணவு தானிய விளைச்சல் 12 கோடி டன்னைத் தாண்டியது. கடத்தல்காரர்கள், பதுக்கல்காரர்கள் மீதான கைதுகளும் ஓரளவு உதவியிருக்கலாம். எனினும், பெரும்பங்கு மழையுடையது. புகழோ அரசாணைக்குப் போனது.

மறுபுறம், 1975 செப்டம்பரில் தொழிலாளரின் குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ய வழியில்லை; பத்திரிகையில் எழுதவும் வழியில்லை. தணிக்கையின் பொருளாதாரம் இதுதான். வரவு வானொலியில் அறிவிக்கப்படும். செலவு எந்த ஏட்டிலும் பதிவாகாது. ஷா ஆணையத்தின் கணக்குப்படி விசாரணையின்றியும் பாதுகாப்பு விதிகளின் கீழும் சிறைப்பட்டோர் 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கும் அதிகம். சென்னை மத்தியச் சிறையில் தாக்கப்பட்ட தி.மு.க. தலைவர்களில் ஒருவரான சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். அந்தச் சிறையில் நடந்தவற்றை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னர் விசாரித்தது. அன்று குற்றாலத்தில் சாரலில் நனைந்துகொண்டிருந்தவர்களுக்கு இவற்றில் எதுவும் செய்தியாக வந்துசேரவில்லை.

இந்த விடுபட்ட செலவுப் பக்கத்தை ஆய்வுநூல்கள் எழுதியிருக்கின்றன. அவற்றைப் படிப்போர் சிலரே. வீட்டுக் கூடத்துக்குள் அதைக் கொண்டுவரும் ஆற்றல் தொலைக்காட்சித் தொடருக்கு உண்டு. 'ஹோலோகாஸ்ட்' என்ற அமெரிக்கத் தொடர் 1979 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியில் ஒளிபரப்பானபோது, மாபெரும் துயரத்தை மலிவான குடும்பக் கதையாக்கிவிட்டது என்று அறிஞர்கள் சாடினார்கள். நாஜி முகாம்களிலிருந்து உயிர்தப்பிய எழுத்தாளர் எலி வீசல் அமெரிக்காவிலேயே அதைக் கடுமையாக மறுத்திருந்தார். எனினும், சுமார் 2 கோடிப் பேர் அதன் ஒரு பகுதியையேனும் பார்த்தார்கள். தொலைக்காட்சி நிலையத்துக்கு ஆயிரக்கணக்கில் அழைப்புகள் வந்தன. கொலைக் குற்றத்துக்கான வழக்குக் காலவரம்பை நீக்குவது பற்றி ஏற்கெனவே நடந்துவந்த விவாதம் அதனால் வலுப்பெற்றது. அந்த ஜூலையில் நாடாளுமன்றம் அதை நீக்கியது. தொடரின் மையப் பாத்திரங்களில் ஒருவன் வேலை தேடும் இளம் வழக்கறிஞன். அவன் படிப்படியாகக் கொலை இயந்திரத்தின் எழுத்தனாக மாறுகிறான். பார்வையாளர்களைத் துன்புறுத்தியது ஹிட்லரின் முகத்தைவிட இந்தப் பக்கத்து வீட்டு முகமே.

இந்தியாவின் நெருக்கடி நிலையை நாஜி ஆட்சியோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று; இரண்டுக்கும் இடையே பெரும் தொலைவு இருக்கிறது. ஒரு சமூகம் தன் இணக்கத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் வழியைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். சிலியில் பினோசெட் காலத்து மனித உரிமைப் பணியாளர்களைப் பற்றிய தொடரை அரசுத் தொலைக்காட்சி 2011இல் ஒளிபரப்பியபோதும், ஆளுங்கூட்டணித் தலைவர்கள் சிலர் சினந்தார்கள். இத்தகைய தொடர்கள் எங்கும் சச்சரவின்றி வந்ததில்லை.

நம் அண்டை வீட்டிலும் ஒரு சான்று உண்டு. கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் 1976 மார்ச்சில் காவலர்களால் கொண்டுசெல்லப்பட்டு, கக்கயம் முகாமில் மாண்டார். அவருடைய தந்தை ஈச்சர வாரியர் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கு, முதலமைச்சர் கருணாகரனைப் பதவி விலக வைத்தது. இதைத் தழுவி ஷாஜி என். கருண் இயக்கிய 'பிறவி', மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு முதியவரின் கதை. செங்கோட்டை, புளியரை தாண்டினால் தொடங்கிவிடும் மண் அது. அங்கிருந்து சாரல் இங்கே வருகிறது. அந்தத் துணிவு வரவில்லை.

தமிழில் ஏன் மக்கள் மனத்தில் நிலைத்த ஒரு தொடர் இல்லை? சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்ட நாள் 1975 ஆகஸ்ட் 15. தமிழ்ச் சின்னத்திரை பிறந்ததே நெருக்கடி நிலைக்குள்தான். தனியார் அலைவரிசைகள் வந்த பிறகு அவற்றுள் பல கட்சிகளின் நிழலில் வளர்ந்தன. எந்தக் கட்சிக்கும் அந்தக் காலம் முழுமையாக வசதிப்படவில்லை. 1976 ஜனவரி 31இல் ஆட்சியை இழந்து சிறைக்கொடுமை கண்ட தி.மு.க., 1980இலேயே காங்கிரசுடன் கூட்டணி வைத்தது. அ.தி.மு.க. 1977இல் அதே காங்கிரசுடன் நின்றது. சிறை சென்ற தலைவரின் தியாகத்தைப் பேசலாம். ஊர் அமைதியாக இருந்ததைப் பேசினால் வாக்காளரைக் குறை சொன்னதாகும். விளம்பரதாரர் அதற்குப் பணம் தரமாட்டார்.

எனவே, அப்படியொரு தொடர் வருமானால் அது டெல்லியில் தொடங்கக் கூடாது. தென்காசியின் ஒரு தேநீர்க் கடையில் தொடங்கட்டும். அலுவலர்கள் நேரத்துக்கு வருகிறார்கள், அரிசி விலை இறங்குகிறது என்று மகிழும் ஒரு நல்ல மனிதர் அதன் நாயகராக இருக்கட்டும். கடையில் வழக்கமாக அரசியல் பேசுபவர் ஒரு நாள் வரவில்லை. அவரைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. இதைக் காட்டினால் போதும்.

நன்மைகளையும் காட்டினால் சர்வாதிகாரத்துக்கு வெள்ளையடிப்பதாகாதா என்று கேட்கலாம். பாதிக்கப்பட்டவர்களின் குடும்பத்தார் அப்படிக் கேட்பதில் நியாயமும் உண்டு. ஆனால், கொடுமையை மட்டும் காட்டும் கதையை, 'எங்கள் ஊரில் அப்படி எதுவும் நடக்கவில்லையே' என்று ஒரு முதியவர் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட முடியும். 'அப்போதுதான் நாடு ஒழுங்காக இருந்தது' என்று அவர் பேரனிடம் சொல்லும்போது, பேரனிடம் மறுமொழி இருக்காது. ஒழுங்குக்குக் கொடுத்த விலையையும் அந்த ஒழுங்கையும் ஒருசேரக் காட்டும் கதையே அந்த மறுமொழியைத் தரும்.

எதிர்ப்பு எழும் என்பதில் ஐயமில்லை. அதைச் சந்திக்கச் சட்டம் ஏற்கெனவே வழிகாட்டியுள்ளது. பிரிவினைக் கலவரத்தைச் சித்திரித்த 'தமஸ்' தொடரை நிறுத்தக் கோரிய வழக்கை உச்ச நீதிமன்றம் 1988இல் தள்ளுபடி செய்தது. எளிதில் புண்படுபவரை அளவுகோலாக்காமல், உறுதியும் நிதானமும் கொண்ட சராசரி மனிதரைக் கொண்டே ஒரு படைப்பை அளக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில் 1989இல், கலவர மிரட்டலைக் காட்டிக் கருத்துரிமையை முடக்க முடியாது என்றும் அது தெளிவுபடுத்தியது.

விளம்பரதாரரை நம்பத் தேவையில்லாத பொதுத்துறை ஒளிபரப்பு நிறுவனமே இதைச் செய்யத் தகுதியுடையது. நேற்றுவரை பொதிகை என்று நம் மலையின் பெயரைத் தாங்கியிருந்த அலைவரிசை, இன்று 'டி.டி. தமிழ்'. தான் பிறந்த காலத்தைப் பற்றிப் பேசும் கடமை அதற்கு உண்டு. மத்திய அரசு ஒரு நாளை அறிவித்ததோடு நிற்காமல், தனக்குச் சாதகமான கதையையே சொல்ல வேண்டும் என்று கட்டளையிடாத படைப்புச் சுதந்திரத்தையும் அளித்தால்தான் அந்த நாளுக்குப் பொருள் உண்டு.

காலம் குறைவு. 1977இல் வாக்குரிமை வயது 21. அன்று தென்காசியில் வாக்களித்தவர்களில் மிக இளையவரும் இன்று 70 வயதை ஒட்டியவர். செங்கோட்டை வாஞ்சிநாதனுக்குச் சிலை வைத்து அயலார் ஆட்சியை எதிர்த்த நினைவைக் காத்திருக்கிறது. நம்மவர் ஆட்சியின்கீழ் நாம் எப்படி இருந்தோம் என்பதைச் சொல்லக் கூடியவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யும் வேலையை இப்பகுதிக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் இந்த ஆண்டிலேயே தொடங்கலாம். தொடரை எழுதப்போகிறவருக்கு அதுவே முதல் ஆவணமாகும்.