பீபெரியா, ஏ-வா?

காபிப்பொடி கடைக்குப் போனா முதல் கேள்வியே இதான்: "பீபெரியா, பிளாண்டேஷன் ஏ-வா சார்?" பீபெரின்னா ஏதோ உசத்தி ரகம்னு நம்மாளுங்க கூடக் காசு குடுத்துடறாங்க. அது வெறும் வடிவம்ங்க! பழத்துக்குள்ள ரெண்டு கொட்டைக்கு பதிலா ஒண்ணே ஒண்ணு உருண்டையா விளைஞ்சா பீபெரி. 'ஏ'ங்கறது சைஸ். ருசிக்குக் கேக்க வேண்டியது, அராபிகாவா ரோபஸ்டாவா, வறுப்பு எவ்வளவுன்னுதான். வாசனையும் லேசான புளிப்பும் வேணுமா? அராபிகா, மிதமான வறுப்பு. பாலை மீறிக் கசப்பு நிக்கணுமா? கொஞ்சம் ரோபஸ்டா சேருங்க. சிக்கரி மட்டும் முதல் தடவை வேண்டவே வேண்டாம், கொட்டையோட குணத்தை மறைச்சிடும். 100 கிராம் போதும். பிடிக்கலைன்னா அடுத்த வாரம் வறுப்பை மட்டும் மாத்துங்க. கொட்டையையும் சேர்த்து மாத்தினா எதனால ருசி மாறிச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? (டீபக் பண்றவங்களுக்குப் புரியும்!)