நிறம் தோற்ற வீடு

நிறவெறிக்கு முதல் பள்ளிக்கூடம் வீடுதான். அதை வெல்ல வேண்டிய இடமும் வீடே.

1948-இல் இலண்டனில், ஆங்கிலப் பெண் ரூத் வில்லியம்ஸ், பெச்சுவானாலாந்தில் ஓர் இனக்குழுத் தலைமைக்கு உரியவரான செரெட்சே காமாவை மணந்தார். பெண்ணின் தந்தை எதிர்த்தார். செரெட்சேயின் சிற்றப்பா செகெடியும் வெள்ளை மருமகளை ஏற்கவில்லை. பிரிட்டிஷ் அரசோ 1950-இல் செரெட்சே தாய்நாடு திரும்பத் தடை விதித்தது. பதவியா, மனைவியா என்ற நிலையிலும் அவர் மனைவியைக் கைவிடவில்லை. 1956-இல் தலைமையுரிமையைத் துறந்து, மனைவியோடு ஊர் திரும்பினார். எதிர்த்த சிற்றப்பாவும் சமாதானமானார். 1966-இல் அந்நாடு போட்ஸ்வானா என விடுதலை பெற்றபோது செரெட்சேயே முதல் குடியரசுத் தலைவர். கணவர் மறைந்த பின்னும், 2002-இல் தாம் இறக்கும்வரை, ரூத் அங்கேயே வாழ்ந்தார்.

நண்பர்களே! பெண் பார்க்கும்போது “நிறம் எப்படி?” என்று கேட்கும் நம் வீட்டாருக்கு நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?