வாசலில் நிறுத்தப்படும் புத்தகம்

இசையைப் பற்றிய நூலைப் பிள்ளை படிக்கலாமா? கிரிக்கெட்டின் வரலாற்றைப் படிப்பதால் மார்க்கத்திற்கு என்ன பயன்? மனநோய் குறித்த நூல்கள் ஈமானைக் குலைத்துவிடாதா? மக்தப் நடத்தும் நம்மிடம் பெற்றோர் இக்கேள்விகளை அடிக்கடி கேட்கின்றனர். கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் இத்தகைய நூல்களை வீட்டிற்குக் கொண்டுவரத் தொடங்கியிருப்பதே காரணம்.

கேட்பவர்களின் அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். வீணானவற்றைப் புறக்கணிப்பதை முஃமின்களின் பண்பாகத் திருக்குர்ஆன் கூறுகிறது. லுக்மான் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தில் வரும் 'லஹ்வல் ஹதீஸ்' என்பதற்குப் பாட்டு என்றே இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கமளித்தார்கள். இவற்றை ஓதிக்கொடுக்கும் நாம் இலேசாகக் கடந்துவிட இயலாது.

ஆனால் நம் வீடுகளின் நிலையையும் பார்க்க வேண்டும். பிக்கட்டி போன்ற மலையூரில் மழைக்காலம் வந்துவிட்டால் மாலையிலேயே பனிமூட்டம் இறங்கிக் கதவுகள் அடைபடுகின்றன. அடைபட்ட கதவுக்குள் கைபேசி இருக்கிறது. அதில் திரைப்பாடல் ஒலிக்கிறது, ஐ.பி.எல். ஓடுகிறது, மனக்கவலைக்கு அரை நிமிடத்தில் மருந்து சொல்பவர் வந்து போகிறார். இவற்றுள் எதுவும் அத்தாவிடம் அனுமதி கேட்டு உள்ளே வரவில்லை. சில வீடுகளில் அத்தாவே பக்கத்தில் அமர்ந்து பார்க்கிறார். பாட்டும் ஆட்டமும் உள்ளே வந்து அமர்ந்துவிட்டன. அவற்றைப் பற்றிச் சிந்திக்க வைக்கும் புத்தகத்தைத்தான் வாசலில் நிறுத்தி விசாரிக்கிறோம்.

கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதையும், பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதையும் ஹதீஸ் நூல்களில் படிக்கிறோம். ஆகவே விளையாட்டு என்பதாலேயே ஒன்று இழிந்ததாகிவிடாது. இந்தியா - பாகிஸ்தான் ஆட்ட நாளில், "நீ எந்தப் பக்கம்?" என்று வகுப்புத் தோழன் சிரித்துக்கொண்டே கேட்கும் கேள்வியும் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமானது. அக்கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. இராமச்சந்திர குஹா 2002இல் வெளியிட்ட 'எ கார்னர் ஆஃப் எ ஃபாரின் ஃபீல்ட்' என்னும் நூல் அதைச் சொல்கிறது. பம்பாயில் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள் என மதமும் இனமும் பார்த்து அணி பிரித்து ஆடிய போட்டியில் 1912இல் முஸ்லிம் அணியும் சேர்ந்தது. 1937இல் எஞ்சியோருக்கென ஐந்தாவது அணி வந்தது. விளையாட்டில் மதவாரி அணிகள் எதற்கு என்று காந்தியடிகள் 1940 டிசம்பரில் கேட்டார். 1946உடன் அப்போட்டி முடிவுக்கு வந்தது. அதே நூலில் பல்வங்கர் பாலு என்னும் தலித் பந்துவீச்சாளர் வருகிறார். இந்து அணியை வெற்றிக்கு இழுத்துச் சென்ற அவருக்கு அவ்வணியின் தலைமை கிட்டவில்லை. இதையெல்லாம் அறிந்த மாணவன் தோழனின் கேள்விக்குக் கூனிக் குறுகாமலும் கோபப்படாமலும் விடை சொல்வான்.

திரைப்படத்திற்கும் இது பொருந்தும். எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பம் வாக்குகளாக மாறிய விதத்தை ஆராய்ந்து எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய நூலைப் படித்தவர், எந்தக் கதாநாயகரையும் சற்றுத் தள்ளி நின்றே பார்ப்பார்.

உளவியல் நூல்களை நாம் தனியாகப் பேச வேண்டும். அங்கே உயிர்கள் சம்பந்தப்பட்டுள்ளன. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். தர்காவில் நலம் கிட்டும் என்ற நம்பிக்கையில் பல மதத்துக் குடும்பங்களும் நோயாளிகளை அவ்வூருக்குக் கொண்டுவந்தன. தர்கா குறித்த கருத்து வேறுபாடுகளை இங்கே கிளற நாம் விரும்பவில்லை. அக்குடும்பங்கள் கொடியவர்கள் என்றும் சொல்லமாட்டோம். நோயை நோயென்று அறிய அவர்களுக்கு வழியில்லாமல் போயிற்று. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துவிட்டது. ஆனால் பிள்ளை பேறான பின் காரணமின்றி அழும் மருமகளை ஈமான் குறைந்தவள் என்று ஏசும் நாவைச் சட்டம் தடுக்காது.

இக்கல்வி மேற்கிலிருந்து வந்தது என்று விலக்கவும் இயலாது. ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலை எழுதினார். முதற்பகுதி உடல்நலத்திற்கு, இரண்டாம் பகுதி மனநலத்திற்கு. கோபம், அச்சம், துயரம், விடாது அரிக்கும் எண்ணங்கள் ஆகியவற்றை அவர் தனித்தனியே ஆராய்கிறார். காரணம் தெரிந்த துயரத்தையும் காரணம் தெரியாத துயரத்தையும் பிரித்துக் காட்டுகிறார். வீட்டில் மருந்து சேமித்து வைப்பதுபோல், மனம் அமைதியாக உள்ளபோதே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்கச் சொல்கிறார். சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரி அப்பகுதியை 2013இல் ஆங்கிலத்தில் தந்தார். மேற்கத்திய உளவியலை அப்படியே விழுங்கும் முஸ்லிம் உளவியலாளர்களை 1979இலேயே கண்டித்து நூல் எழுதியவரும் அவரே. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொல்லவில்லை. முப்பது நாளில் மனத்தை மாற்றித் தருவதாக அட்டையிலேயே வாக்களிக்கும் நூல்களை வாங்கிப் பணத்தை வீணாக்கவும் வேண்டாம்.

இசைதான் கடினமான இடம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பாட்டுக் கேட்பதற்கென ஒரு தனி நூலையே ஒதுக்கி, கூடுவது எது கூடாதது எது என்று பகுத்தார்கள். இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அவர்களோ 'தல்பீஸு இப்லீஸில்' கடுமையாக மறுத்தார்கள். நாம் வாத்தியங்களைத் தவிர்ப்போர் பக்கமே நிற்கிறோம். எனினும் வாத்தியத்தைக் கேட்பது வேறு, அதைச் செய்தவரின் வாழ்வைப் படிப்பது வேறு. டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றியது, தமிழிலும் வந்துள்ளது. மாடு, ஆடு, எருமைத் தோல்களைப் பதப்படுத்தி, வாசிப்பவரின் செவிக்கேற்ப நாதத்தை உண்டாக்கித் தருவோர் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள். மேடையில் வாசித்தவரின் பெயர் நின்றது. செய்தவரின் பெயர் மறைந்தது. அந்நூலின் வெளியீட்டு விழாவிற்கு முதலில் தந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா பின்னர் திரும்பப் பெற்றதும் அப்போது செய்தியானது. தொழிலாளியின் உரிமையைப் பற்றி ஜும்ஆவில் கேட்கும் பிள்ளைகளுக்கு அந்நூல் அந்நியமாகப் படாது.

ஞாயிறு பாடம் முடிந்ததும் பெரிய மாணவர்கள் தாம் படித்ததைச் சொல்வதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கியுள்ளோம். பெற்றோரும் அமரலாம். ஒரு மாணவர் இந்த மிருதங்க நூலைப் பற்றிப் பேசியபோது, இதெல்லாம் மக்தபில் எதற்கு என்று முகம் சுளித்தபடியே ஓர் அத்தா அமர்ந்திருந்தார். அவருடைய உறவினர் ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலில் இருப்பவர். தோல் என்ற சொல் வந்ததும், எந்த மாட்டின் தோல், எத்தனை நாள் ஊற வைக்கிறார்கள் என்று அவர் கேட்கத் தொடங்கினார். மாணவருக்கு எல்லாம் நினைவில்லை. புத்தகத்தை அத்தா வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.