முகத்துக்கு ஒளி போதும், வெளுப்பு வேண்டாம்

முதல் பிறந்தநாளுக்குப் படம் எடுக்க வரும் பெற்றோர், பாப்பாவுக்குக் கவுன் மாற்றிக்கொண்டே சொல்வார்கள்: "கொஞ்சம் செவப்பா காட்டுங்கண்ணா." தருமபுரியிலும் அரூரிலும் பென்னாகரத்திலும் ஸ்டுடியோ வைத்திருக்கும் நம்மில் இதைக் கேட்காதவர் குறைவு. நாமும் மறுபேச்சில்லாமல் கணினியில் முகத்தை வெளுத்துக் கொடுத்துவிடுகிறோம். இந்த வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

வழக்கம் பழையது. பிலிம் காலத்தில் நெகட்டிவின் மேல் பென்சிலால் தீட்டுவார்கள். தீட்டிய இடம் பிரிண்டில் வெளுத்து வரும். கலர் பிலிம் வந்தபோது இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. 1950-களிலிருந்து கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் நிறம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று பொருள். கருத்த முகங்களின் நுணுக்கம் அந்தக் கணக்கில் இல்லை. சாக்லேட், மரச்சாமான் விளம்பரக்காரர்கள் பழுப்பு நிறம் ஒழுங்காக வரவில்லை என்று குறைசொன்ன பிறகே பிலிம் மேம்பட்டது. பல நிறத்தவரும் இடம்பெற்ற அட்டை 1990-களில்தான் வந்தது.

இன்றைய டிஜிட்டல் கேமராவைக் குறைசொல்ல வழியில்லை. முகம் இருண்டு வருவது பெரும்பாலும் நம் கைவேலையால்தான். வெள்ளைத் திரை, வெள்ளைக் கவுன், வெள்ளை பலூன் என்று ஃப்ரேமை நிரப்பிவிட்டு ஆட்டோவில் எடுத்தால், கேமரா எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். மீட்டரைக் குழந்தையின் முகத்தருகே பிடித்து அளவெடுங்கள். மீட்டர் இல்லையென்றால் முகத்தை மட்டும் ஸ்பாட்டில் அளந்து, மானுவலில் பூட்டிவிடுங்கள். பெரிய சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டில், குழந்தையின் கண்மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் போதும். மலிவான எல்இடி விளக்கு மாநிறத்தைப் பச்சையடிக்க வைக்கும். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவான சிஆர்ஐ 95-க்குக் குறையாததாக வாங்குங்கள். வெண்டைக்காய்ப் பச்சை, ரோஸ் சுவர்கள் கன்னத்தில் நிறத்தைத் தெளிக்கும். குழந்தையைச் சுவரிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள். இவ்வளவும் செய்தபின் மாநிறத்துக்கும் கருப்புக்கும் உள்ள பளபளப்பு தானாகத் தெரியும்.

நம் மாவட்டத்தில் முகத்தை வெளுக்கும் இந்த வழக்கத்துக்கு இன்னொரு கனமும் உண்டு. பெண் சிசுக்கொலைக்கு எதிராக 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் தருமபுரிக்கும் விரிவுபடுத்த வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் கணக்கெடுப்பில் இங்கே ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 900 பெண் குழந்தைகள்கூட இல்லை. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு கூலித்தொழிலாளி காசு சேர்த்து, மகளின் முதல் பிறந்தநாளுக்கு ஸ்டுடியோவுக்கு வருகிறார். பிறந்தது பெண் என்று மகிழ்ந்து, அதைச் சுவரில் மாட்டப்போகிறார். அந்தப் படத்தில் அவள் நிறத்தை நாம் திருத்தினால், அவள் வளர்ந்து தினமும் பார்க்கப்போவது அவளை அல்ல. அவளிடம் இல்லாத ஒன்றை.

பெற்றோரைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஊர் பேசியதைத்தான் அவர்களும் பேசுகிறார்கள். நல்ல ஒளியில் எடுத்த திருத்தாத படத்தைப் பெரிதாக்கி முதலில் காட்டுங்கள். எச்சில், கீறல், கொசுக்கடி இவற்றைத் தாராளமாக நீக்குங்கள். நாலு நாளில் அவை தாமே மறைந்துவிடும். நிறம் மறையாது, மறைய வேண்டியதும் இல்லை. அதனால் அடுத்த பிறந்தநாள் ஆர்டரிலிருந்து ரீடச்சிங்கில் நிறத்தைத் தொடாமல் விடுவோம்.