சின்ன வயசுல ஆடின மேரியோ, காண்ட்ரா... புது கன்சோலில் கிடைக்குமா? இந்தியாவில் பணம் கட்டினாலும் வராத கேம்கள் எவை?

குமரி மாவட்டம் முட்டம், குளச்சல் பக்கம் போனால் வளைகுடா நாட்டில் ஒருவராவது வேலை பார்க்கும் வீடுகள் நிறைய உண்டு. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் இறங்கும் பெட்டிகளில் ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டர் வந்தது, பிறகு டிவிடி பிளேயர் வந்தது, இப்போது பிளேஸ்டேஷனும் நின்டெண்டோ ஸ்விட்ச்சும் வருகின்றன.

பிள்ளைகள் அதில் புது கேம் ஆடுகிறார்கள். 1990களில் டிவியின் ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு 'டிவி கேம்' மாட்டி ஆடிய அப்பா, மாமா தலைமுறைக்கு வேறு ஆசை. 'இதுல பழைய மேரியோ வருமா? காண்ட்ரா கிடைக்குமா?'

சுருக்கமான பதில்: வரும், ஆனால் எல்லாம் வராது. எது வரும் என்பதை முடிவு செய்வது உங்கள் கையில் உள்ள மெஷினை விட, உங்கள் அக்கவுன்ட் எந்த நாட்டில் இருக்கிறது என்பதுதான். விரிவாகப் பார்க்கலாம்.

எமுலேஷன் என்றால் என்ன?

பழைய கேம் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட மெஷினுக்காக எழுதப்பட்டது. 1983-ல் ஜப்பானில் வெளியான நின்டெண்டோவின் ஃபேமிகாம் மெஷினுக்கு எழுதிய கேமை இன்றைய கன்சோலில் அப்படியே போட்டால் ஓடாது. ரெண்டுக்கும் 'மொழி' வேறு.

நடுவில் ஒரு மென்பொருள் உட்கார்ந்து, 'நான்தான் அந்தப் பழைய மெஷின்' என்று கேமை நம்ப வைக்கிறது. கேம் கொடுக்கும் ஒவ்வொரு கட்டளையையும் புது மெஷினுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது. அந்த மென்பொருள்தான் எமுலேட்டர்.

பல வருஷமாக இதை ரசிகர்கள்தான் செய்துகொண்டிருந்தார்கள். கேமைத் தயாரித்த கம்பெனியே உரிமத்தோடு இதைச் செய்து, காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது அதிகாரப்பூர்வ எமுலேஷன் சேவை. 2006-ல் நின்டெண்டோ தனது வீ கன்சோலில் 'விர்ச்சுவல் கன்சோல்' என்ற பெயரில் பழைய கேம்களைத் தனித்தனியாக விற்றபோது இது பெரிய வியாபாரமானது. இப்போது பெரும்பாலும் சந்தா முறைதான்.

மூன்று கம்பெனி, மூன்று வழி

நின்டெண்டோ: 2018 செப்டம்பரில் 'ஸ்விட்ச் ஆன்லைன்' சந்தா தொடங்கியது. முதலில் 20 என்இஎஸ் கேம்கள். பிறகு சூப்பர் என்இஎஸ், 2021-ல் நின்டெண்டோ 64, சேகா மெகா டிரைவ், 2023-ல் கேம் பாய், 2025-ல் ஸ்விட்ச் 2 வந்தபோது கேம்கியூப் என்று பட்டியல் நீண்டது. அமெரிக்காவில் அடிப்படை சந்தா வருஷத்துக்கு சுமார் 20 டாலர், நின்டெண்டோ 64 போன்றவை சேர்ந்த பேக் சுமார் 50 டாலர் என்று அறிமுகமானது.

சோனி: 2022 ஜூன் வாக்கில் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவை மூன்று படிகளாகப் பிரித்தது. மேல்படியில்தான் பிளேஸ்டேஷன் 1, பிளேஸ்டேஷன் 2, பிஎஸ்பி காலத்து 'கிளாசிக்ஸ்' கேம்கள் இருக்கின்றன.

மைக்ரோசாஃப்ட்: இங்கே வழி வேறு. 2015 முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலில் எக்ஸ்பாக்ஸ் 360 கேம்கள் ஓடத் தொடங்கின. 2017-ல் முதல் எக்ஸ்பாக்ஸ் கேம்களும் சேர்ந்தன. பட்டியலில் உள்ள கேமின் பழைய டிஸ்க் வீட்டில் இருந்தால், அதைப் போட்டாலே போதும், புது மெஷினுக்கான பதிப்பு இலவசமாக டவுன்லோடு ஆகும். தனி சந்தா தேவையில்லை. ஆனால் 2021 நவம்பரில் சேர்த்த எழுபதுக்கும் மேற்பட்ட கேம்களோடு அந்தப் பட்டியலை மூடிவிட்டார்கள்.

இந்தியாவுக்கு என்ன கிடைக்குது?

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் சோனியின் மேல்படிக்குப் பெயர் 'பிரீமியம்'. இந்தியாவில் அறிமுகமானது 'டீலக்ஸ்'. பெயர் மட்டும் மாறவில்லை. பிரீமியத்தில் கிளவுட் ஸ்ட்ரீமிங் உண்டு, டீலக்ஸில் அது கிடையாது.

அது இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். பிளேஸ்டேஷன் 3-க்குள் இருந்த 'செல்' புராசஸர் மிகவும் சிக்கலானது. அந்த கேம்களை சோனி புது கன்சோலில் நேரடியாக ஓட வைக்கவில்லை. எங்கோ இருக்கும் சர்வரில் கேமை ஓட்டி, வீடியோவாக உங்கள் டிவிக்கு அனுப்புகிறது. ஸ்ட்ரீமிங் இல்லையென்றால் அந்தத் தலைமுறை கேம்கள் மொத்தமாக இல்லை. அறிமுகத்தின்போது இந்தியாவில் டீலக்ஸ் விலை மாதம் 849 ரூபாய், வருஷத்துக்கு 5,749 ரூபாய். 2023-ல் வருஷ சந்தா உயர்ந்தது.

நின்டெண்டோ கதை இன்னும் மோசம். 1990களில் இந்தியாவில் மேரியோ தெரியாத பையன் குறைவு. ஆனால் நின்டெண்டோ இங்கே ஸ்விட்சை நேரடியாக விற்கவில்லை. ரூபாயில் வாங்கும் இந்திய ஆன்லைன் ஸ்டோரும் வைக்கவில்லை. கடைகளில் இருப்பது வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு. பழைய மேரியோவை நின்டெண்டோ பிளேஸ்டேஷனுக்கோ எக்ஸ்பாக்ஸுக்கோ கொடுப்பதும் இல்லை. போனில் இருக்கும் 'சூப்பர் மேரியோ ரன்' 2016-ல் வந்த வேறு கேம்.

காண்ட்ரா ரசிகர்களுக்கு மட்டும் நல்ல செய்தி. கொனாமி நிறுவனம் 2019-ல் 'காண்ட்ரா ஆனிவர்சரி கலெக்ஷன்' என்ற தொகுப்பை பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் வெளியிட்டது. நம்ம ஊரில் ஆடிய அதே என்இஎஸ் பதிப்பும் அதில் இருக்கிறது. சந்தா இல்லை, ஒருமுறை வாங்கினால் போதும்.

துபாயில் வாங்கின கன்சோல் இங்கே வேலை செய்யுமா?

செய்யும். பிளேஸ்டேஷன் 5-ஐ எந்த நாட்டில் வாங்கினாலும் இங்கே ஓடும். கவனிக்க வேண்டியது அக்கவுன்ட்.

பிளேஸ்டேஷன் அக்கவுன்ட் தொடங்கும்போது நாட்டைக் கேட்கும். அங்கே வளைகுடா நாட்டைக் கொடுத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது என்பதுதான் சோனி வைத்திருக்கும் விதி. ஸ்டோர் பட்டியல், விலை எல்லாம் அந்த நாட்டுப்படிதான். பணம் கட்டவும் பொதுவாக அந்த நாட்டு கார்டோ கிஃப்ட் கார்டோ வேண்டும். வேலை முடிந்து ஊருக்கே வந்துவிட்டால் சந்தாவைப் புதுப்பிப்பது தலைவலி. அதனால் ஊரில் நிரந்தரமாக ஆடப்போகும் பிள்ளைக்கு இந்தியா அக்கவுன்ட் தொடங்கிக் கொடுப்பதே நல்லது.

கம்பெனி கொடுத்தால் குறையே இருக்காதா?

அப்படியும் இல்லை. 2022-ல் ஆசியாவில் கிளாசிக்ஸ் முதலில் வந்தபோது, சோனியின் சில பிளேஸ்டேஷன் 1 கேம்கள் பழைய பால் முறையில், நொடிக்கு 50 ஃப்ரேம் கணக்கில் வந்தன. 60 ஃப்ரேமில் ஓட வேண்டிய கேம் 50-ல் ஓடினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். ரசிகர்கள் புகார் சொன்ன பிறகு சோனி 60 ஃப்ரேம் பதிப்புகளையும் தர ஆரம்பித்தது.

2021-ல் நின்டெண்டோ 64 கேம்கள் வந்தபோது, 'செல்டா' கேமில் வர வேண்டிய மூடுபனிக் காட்சி சரியாக வரவில்லை என்று ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். அதுவும் பிறகுதான் சரியானது.

பணம் கட்டினால் கேம் நமக்குச் சொந்தமா?

சந்தாவில் ஆடுவது வாடகை வீடு மாதிரி. சந்தா நின்றால் கேமும் நின்றுவிடும். சந்தா கட்டிக்கொண்டே இருந்தாலும், ஸ்விட்ச் ஆன்லைனின் பழைய கேம்களுக்கு 7 நாளுக்கு ஒருமுறையாவது இன்டர்நெட் இணைப்பு வேண்டும். இருக்கும் கேமும் காணாமல் போகலாம். 2025 மார்ச்சில் ஜப்பானில் 'சூப்பர் ஃபார்மேஷன் சாக்கர்' என்ற கேமை நின்டெண்டோ சேவையிலிருந்து நீக்கினார்கள்.

சரி, சந்தா வேண்டாம், காசு கொடுத்தே வாங்கிவிடலாம் என்றால்? வீ கன்சோலின் ஆன்லைன் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. 3டிஎஸ், வீ யு கடைகள் 2023 மார்ச்சில் மூடப்பட்டன. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. மெஷின் மாறும்போது அதே மேரியோவை மூன்றாவது தடவை, நான்காவது தடவை காசு கொடுத்து ஆடியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' 2023-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, 2010-க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 சதவீதம் இப்போது கடையில் வாங்கவே முடியாதவை. அதிகாரப்பூர்வ சேவைகள் காப்பாற்றுவது மிச்சமுள்ள சிறு பகுதியை மட்டும்தான். நன்றாக விற்கும் கேம், உரிமைச் சிக்கல் இல்லாத கேம் மட்டும் திரும்பி வருகிறது.

போனில் எமுலேட்டர் போட்டு ஆடுவது தப்பா?

ஆண்ட்ராய்டில் எமுலேட்டர் ஆப்கள் ரொம்ப காலமாகவே உண்டு. ஆப்பிளும் 2024 ஏப்ரலில் விதியைத் தளர்த்தி, 'டெல்டா' போன்ற ஆப்களை அனுமதித்தது. எமுலேட்டர் உருவாக்குவதே குற்றமல்ல என்பதற்கு, சோனி தொடர்ந்த கனெக்டிக்ஸ் வழக்கில் 2000-ம் ஆண்டு அமெரிக்க நீதிமன்றம் அளித்த தீர்ப்பை எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் எல்லை மீறினால் சிக்கல்தான். ஸ்விட்ச் எமுலேட்டரான 'யூஸு'வை உருவாக்கியவர்கள், நின்டெண்டோ தொடர்ந்த வழக்கில் 2024 மார்ச்சில் 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையை மூடினார்கள்.

பிரச்னை எமுலேட்டரில் இல்லை, அதில் போடும் கேம் ஃபைலில்தான்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, இந்த விஷயத்தில் ஓரளவு தாராளமானது. சட்டப்படி வாங்கிய கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு பேக்கப் எடுக்க 52(1)(ஏஏ) பிரிவும், சொந்த உபயோகத்துக்கு, வியாபார நோக்கமில்லாமல் நகல் எடுக்க 52(1)(ஏடி) பிரிவும் இடம் தருகின்றன. கேமில் படம், இசை எல்லாம் கலந்திருப்பதால் இந்த விலக்கு முழு கேமுக்கும் பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. காப்புரிமையை மீறும் எண்ணத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைத்தால் 65ஏ பிரிவில் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அந்த விலக்கு 'சட்டப்படி பெற்ற பிரதி' வைத்திருப்பவருக்குத்தான். நின்டெண்டோ மெஷின் 'சாமுராய்' என்ற பெயரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்ததுண்டு. ஆனால் பெரும்பாலான வீடுகளுக்கு வந்து சேர்ந்தது 'லிட்டில் மாஸ்டர்' போன்ற நகல் மெஷின்களும், '9999 இன் 1' என்று ஸ்டிக்கர் ஒட்டிய கேசட்டுகளும்தான். அந்த கேசட்டை இன்றும் பத்திரமாக வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அது உரிமை பெற்ற பிரதி ஆகாது. வெப்சைட்டிலிருந்து கேம் ஃபைலை டவுன்லோடு செய்வதும் இந்த விலக்குக்குள் வராது.

ஆக, ஒரு தலைமுறை எந்த வழியில் கேம் ஆடியதோ அது அன்றும் அதிகாரப்பூர்வமில்லை. இன்று அதிகாரப்பூர்வ வழியில் போகத் தயாராக இருந்தாலும் மேரியோவுக்கு இந்தியாவில் கடையில்லை.

இந்தியாவில் உருவான கேம்கள் எங்கே?

2009-ல் ஹைதராபாத்தின் ஆரோனா டெக்னாலஜீஸ், பிளேஸ்டேஷன் 2-க்காக 'ஹனுமான்: பாய் வாரியர்' கேமை உருவாக்கியது. அதே வருஷம், அதே ஊரின் கேம்சாஸ்த்ரா 'தேசி அட்டா' கேமைக் கொண்டுவந்தது. கபடி, பட்டம், கிட்டிப்புள் என்று நம்ம ஊர்த் தெரு விளையாட்டுகள் அதில் இருந்தன.

உலகம் முழுக்க 15 கோடிக்கும் மேல் விற்ற கன்சோலில், இந்தியர்கள் இந்தியப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய கேம்கள் இவை. சோனியின் கிளாசிக்ஸ் பட்டியலில் இவை இடம்பெறவில்லை. டிஸ்க் பத்திரமாக இருந்தாலும் பயனில்லை. பிளேஸ்டேஷன் 5, பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்கை எடுத்துக்கொள்ளாது.

புத்தகம் வெளியானால் 1954-ம் ஆண்டு சட்டப்படி ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். சினிமாவுக்கு 1964 முதல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்குமான அந்தச் சட்டத்தில் வீடியோ கேம் இல்லை. அமெரிக்காவிலும் நிலைமை சுலபமில்லை. நூலகங்கள் பழைய கேம்களை ஆராய்ச்சியாளர்களுக்கு ஆன்லைனில் திறந்துவிட அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

- நீங்கள் ஆட நினைக்கும் கேம், உங்கள் அக்கவுன்ட் உள்ள நாட்டின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். வெளிநாட்டு யூடியூப் வீடியோவை நம்பி சந்தா கட்ட வேண்டாம்.

- அதே கேம் தனியாக விற்பனைக்கு இருந்தால், வருஷ சந்தாவோடு விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு கேம் மட்டும் போதும் என்பவருக்குத் தனியாக வாங்குவதே லாபமாக இருக்கலாம்.

- எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க் கைவசம் இருந்தால், டிஸ்க் டிரைவ் உள்ள மாடலை வாங்குங்கள். விலை குறைவான சீரீஸ் எஸ் மாடலில் டிரைவ் கிடையாது.

- முதல் தடவை ஒரு மாத சந்தா மட்டும் எடுத்துப் பாருங்கள். ஆசை பத்து நாளில் தீர்ந்துவிட்டால் 11 மாதக் காசு மிச்சம்.

- பழைய கன்சோலும் டிஸ்க்கும் இன்னும் வேலை செய்தால் ஆக்கர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கடல் காற்றின் உப்பும் ஈரமும் எலக்ட்ரானிக் பொருளைச் சீக்கிரம் அரிக்கும். கடலோர ஊர்களில் காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நல்லது. பல கேம்களுக்கு இன்றும் அந்தப் பழைய மெஷின்தான் ஒரே அதிகாரப்பூர்வ வழி.