செங்கல் நம்முடையது, சாவி யாரிடம்?

ஒரு மனை வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் விசாரிப்பீர்கள்?

முதலில் தரகர். "அடுத்த வருஷம் இதே இடம் டபுள் சார்" என்பார். அடுத்து புரமோட்டரின் கலர் நோட்டீஸ். அதில் வராத ஏரியும் வந்துவிட்ட மாதிரி பஸ் ஸ்டாண்டும் இருக்கும். கடைசியாக, ஏற்கெனவே அங்கே வாங்கிப் போட்ட மச்சான். தான் வாங்கியது சரிதான் என்று அவர் சாதிப்பார். பின்னே, வேறென்ன சொல்வார்?

ஆக, விற்றால் லாபம் பார்ப்பவரையும் வாங்கி மாட்டிக்கொண்டவரையும் விட்டால் நமக்கு வேறு நாதி இல்லை.

ஆனால், இதில் பத்து பைசா கமிஷன் இல்லாத ஒரு கூட்டம் இருக்கிறது. பேராசிரியர்கள். வளரும் நாடுகளில் மனை விலை ஏன் ஏறுகிறது, மெட்ரோ ரயில் வந்தால் வாடகை என்ன ஆகிறது, பட்டா கிடைத்த குடிசைவாசியின் வாழ்க்கை எப்படி மாறுகிறது என்று வருஷக்கணக்கில் ஆராய்ந்து எழுதுகிறார்கள். இன்டர்நெட்டில் தேடிப் பாருங்கள். தலைப்பு வரும். பத்து வரிச் சுருக்கம் வரும். மேலே படிக்க, பெரும்பாலும் 30 டாலரோ 40 டாலரோ கேட்கும். ஒரே ஒரு கட்டுரைக்கு!

"அந்த இங்கிலீஷ் கட்டுரையெல்லாம் நமக்கெதற்கு?" என்கிறீர்களா? ஒரு கதை சொல்கிறேன்.

பெரு நாட்டுப் பொருளாதார நிபுணர் ஹெர்னாண்டோ டி சோட்டோ 2000-ல் 'தி மிஸ்டரி ஆஃப் கேபிடல்' என்றொரு புத்தகம் எழுதினார். ஏழைகளிடம் சொத்து இல்லாமல் இல்லை, அதற்குச் செல்லுபடியாகும் பத்திரம்தான் இல்லை என்றார். பத்திரம் கொடுங்கள், அதை அடகு வைத்துக் கடன் வாங்கித் தொழில் செய்து முன்னேறிவிடுவார்கள் என்றார். அப்படி முடங்கிக் கிடக்கும் சொத்து 9.3 லட்சம் கோடி டாலர் என்று கணக்கும் போட்டார். அரசியல்வாதிகளுக்குக் கேட்க இனிக்காதா? 2020 ஏப்ரலில் நம் மத்திய அரசு கொண்டுவந்த ஸ்வாமித்வா திட்டத்திலும் இந்த வாடை அடிக்கிறது. ட்ரோன் விட்டு கிராமத்து வீடுகளை அளந்து சொத்து அட்டை கொடுப்பார்கள். அதைக் காட்டி பாங்கில் கடன் வாங்கலாம் என்பார்கள்.

வாங்க முடியுமா? இதற்குப் பதில் அர்ஜென்டினாவில் இருக்கிறது. 1981-ல் பியூனஸ் அயர்ஸ் புறநகரில் சுமார் 1,800 குடும்பங்கள் ஒரு தரிசு நிலத்தில் குடியேறின. அரசு நிலம் என்று நினைத்தார்கள். பார்த்தால், தனியாருடையது. 1984-ல் அந்த நிலத்தை எடுத்துக் குடியிருப்போருக்கே கொடுக்கச் சட்டம் வந்தது. சில உரிமையாளர்கள் நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். விளைவு, ஒரே மாதிரி ஏழைகள், பக்கத்துப் பக்கத்து மனைகள். ஒருவருக்குப் பத்திரம் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. ஆராய்ச்சியாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? காலியானி, ஷார்கிராட்ஸ்கி என்ற இரண்டு பேர் இரு தரப்பையும் ஒப்பிட்டு 2010-ல் கட்டுரை வெளியிட்டார்கள்.

பத்திரம் கிடைத்தவர்கள் வீட்டை நன்றாகக் கட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் கூடுதலாகப் படித்தார்கள். ஆனால் பாங்க் கடன்? பெரிதாக ஒன்றும் கூடவில்லை. அதாவது, பட்டா கொடுப்பது நல்லது, கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனால் பட்டாவைப் பார்த்து பாங்க் மானேஜர் எழுந்து நிற்பார் என்று நம்பிவிடாதே, கடனுக்குத் தனியாக வழி செய் என்று அர்த்தம்.

இது நம் தாசில்தாருக்குத் தெரிய வேண்டாமா? பட்டா வழங்கும் விழாவில் பேசுகிற அமைச்சருக்கு? வாங்கிக்கொண்டு போகிற அந்த அம்மாவுக்கு? கட்டுரை வந்ததோ சந்தா கட்டிப் படிக்கும் ஓர் இதழில். முன்வடிவம் இலவசமாக எங்காவது கிடைக்கலாம். ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தானே தேடத் தோன்றும்?

நான் பி.காம். படித்தவன். எதிலும் வரவு செலவு பார்க்கிற புத்தி. இந்த வியாபாரத்தின் கணக்கைப் பாருங்கள். ஆராய்ச்சி செய்பவருக்குச் சம்பளம், பெரும்பாலும் அரசுப் பணம். கட்டுரை எழுதியதற்குப் பதிப்பகம் காசு தருவதில்லை. அதைச் சரிபார்க்கும் சக பேராசிரியருக்கும் பொதுவாகக் கூலி கிடையாது. முடிந்ததும் அதே கட்டுரையை அதே கல்லூரி நூலகம் காசு கொடுத்து வாங்க வேண்டும். நிலம் உங்களுடையது, செங்கல் உங்களுடையது, கொத்தனார் கூலியும் நீங்களே கொடுத்தீர்கள். சாவியை மட்டும் புரமோட்டர் வைத்துக்கொண்டு வாடகை கேட்டால் சும்மா இருப்பீர்களா?

அர்ஜென்டினா கட்டுரை வந்த இதழை நடத்துவது எல்சவியர் பதிப்பகம். அதன் தாய் நிறுவனம் ரெலெக்ஸ். 2024 கணக்கில், ஆராய்ச்சி இதழ்கள் அடங்கிய அதன் பிரிவு 100 ரூபாய் வரவுக்கு 38 ரூபாய் லாபம் காட்டியிருக்கிறது. நம் ஊர் மளிகைக்கடைக்காரர் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார்.

இந்தப் பூட்டை உடைக்க நம் அரசு என்ன செய்தது? மொத்தமாக வாடகை பேசியது! 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது. 2025 முதல் 2027 வரை 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இருக்கும் சுமார் 1.8 கோடி பேர் படிக்கலாம்.

சின்னக் கல்லூரி மாணவனுக்கும் பெரிய இதழ் கிடைக்கும். மறுக்கவில்லை, நல்லதுதான். ஆனால் 140 கோடிப் பேர் இருக்கும் நாட்டில் 1.8 கோடி என்றால் எண்பது பேருக்கு ஒருவர். மீதி 79 பேர்? வரி கட்டலாம், வாசலில் நிற்கலாம். குடியிருப்போர் சங்கச் செயலாளர், வார்டு கவுன்சிலர், வக்கீல், நிருபர், மனை வாங்கப் போகிற நீங்கள், எல்லோரும் வெளியேதான்.

"இலவசமாகப் போட்டால் தரம் போய்விடும்" என்பார்கள். போலிகள் இருக்கிறார்கள், உண்மை. 2018 மே மாதம் யு.ஜி.சி. தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களைத் தூக்கி எறிந்தது. ஆனால் அந்தப் போலிகளை வளர்த்தது இலவச வாசிப்பா? இல்லை, எழுதுகிறவரிடம் காசு பறிக்கும் ஏற்பாடு. பெரிய இடத்திலும் அதே கதைதான். வாசகருக்கு இலவசம் என்று சொல்லிவிட்டு, ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்று 2020-ல் கட்டணம் அறிவித்தது நேச்சர். கோவை பேராசிரியர் எங்கே போவார்? நைஜீரியப் பேராசிரியர் எங்கே போவார்? முன்பு படிக்கத் தடை, இப்போது எழுதத் தடை.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. பிரேசில் 1998-லேயே பொதுப்பணத்தில் சைலோ என்ற வலைத்தளத்தைத் தொடங்கியது. லத்தீன் அமெரிக்க இதழ்களைச் சேர்த்து யார் வேண்டுமானாலும் படிக்கத் திறந்து வைத்தது. ரியல் எஸ்டேட் ஆராய்ச்சிக்கென்றே ஆப்பிரிக்க அறிஞர்கள் ஓர் இதழ் நடத்துகிறார்கள். கேப் டவுன் பல்கலைக்கழக நூலகம் அதை வெளியிடுகிறது. படிக்கக் காசு இல்லை. நம் வீட்டிலேயே ஷோத்கங்கா இல்லையா? நாடு முழுவதும் எழுதிய பிஎச்.டி. ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் அங்கே இலவசமாகக் கிடக்கின்றன. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

ஆய்வேட்டுக்கு முடிந்தது கட்டுரைக்கு ஏன் முடியாது? பொதுப்பணத்தில் சம்பளம் வாங்கி எழுதிய கட்டுரை எதுவானாலும் அதன் பிரதி பொதுவில் இருக்க வேண்டும். மத்திய அரசின் அறிவியல் துறைகள் இரண்டு 2014-லேயே இப்படி ஒரு கொள்கை அறிவித்தன. அதை எல்லாத் துறைக்கும் விரித்து, கறாராக அமல்படுத்தினால் போதும். 6,000 கோடியில் ஒரு துளியை ஒதுக்கினால், எழுதுகிறவரிடமும் படிக்கிறவரிடமும் காசு வாங்காத நல்ல இதழ்களை நாமே நடத்தலாம்.

2027-ல் இந்தச் சந்தா முடிகிறது. மறுபடி பேரம் பேசுவார்கள். அதற்குள் உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டோ, கல்யாணத்துக்கோ உங்கள் தெருவுக்கு வருவார். பிடித்து நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: "வாடகை கட்டிக்கொண்டே இருக்கிறோமே ஐயா, சொந்த வீடு எப்போது?"